தறி எண்ணிக்கையும் நூல் வரத்தும்: கிராபிக்ஸ் கார்டு ஒப்பிடப் பழகுவோருக்கு

காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடையோ, ஈரோட்டில் தெரிந்தவர் கடையோ, கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனால் பேச்சு “எத்தனை ஜிபிங்க?” என்றுதான் தொடங்கும். கடைக்காரரும் எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று அடுக்குவார். சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனுக்கு விலை பேசப் போகிறவர், நூல் வைக்கும் ரூம் எவ்வளவு பெரிது என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வரமாட்டார். எத்தனை தறி, என்ன வேகம், நூல் தட்டில்லாமல் வருகிறதா என்று பார்ப்பார். கார்டுக்கும் அதே மூன்றுதான்: ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு அலகு) எண்ணிக்கை, கிளாக் வேகம் (அது நொடிக்கு எத்தனை துடிப்பு துடிக்கிறது), மெமரி பேண்ட்விட்த் (மெமரியிலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது). ஷேடர் தறி, பேண்ட்விட்த் நூல் வரத்து. ஜிபி என்கிற மெமரி அளவு நூல் ரூம்.

ஒரு நோட்டும் கால்குலேட்டரும் இருந்தால் இரண்டு கார்டுகளை நீங்களே ஒப்பிட்டுவிடலாம். கணக்கு வெறும் பெருக்கல் வகுத்தல். அது எங்கே காலை வாரிவிடும் என்பதுதான் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதனால் இங்கே அதற்குத்தான் இடம் அதிகம்.

முதலில் முழுப் பெயர்

பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். “3060 இருக்குங்க” என்றால் போதாது. என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி ஒன்று, 8 ஜிபி ஒன்று. இரண்டிலும் ஷேடர் 3584தான். ஆனால் 12 ஜிபி கார்டின் மெமரி பஸ் 192 பிட், 8 ஜிபி கார்டில் 128 பிட். நூல் வரும் வழியே மூன்றில் ஒரு பங்கு குறுகிவிட்டது. இது ஜிபி மட்டும் குறைந்த கார்டு இல்லை, வேகமும் குறைந்த கார்டு.

இதைவிட மோசம் ஜிடி 1030. 2017இல் வந்தபோது ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு இன்னொன்று வந்தது. முதலாவதன் பேண்ட்விட்த் நொடிக்கு 48 ஜிகாபைட், இரண்டாவதில் 16.8. பெயர் ஒன்றே, பெட்டியும் ஏறக்குறைய ஒன்றே, நூல் வரத்து மட்டும் மூன்றில் ஒரு பங்கு.

செகண்ட் ஹேண்டில் ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580 தேடுகிறவர்கள் “2048 எஸ்பி” என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கவும். அசல் 580இல் ஷேடர் 2304. 2048 எஸ்பி வகை உண்மையில் 570இன் அளவுதான்.

லேப்டாப்பில் பெயரை நம்பவே கூடாது. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090இல் 16384 ஷேடர், லேப்டாப் 4090இல் 9728. ஆர்டிஎக்ஸ் 4060இல் இரண்டுக்கும் 3072தான், ஆனால் லேப்டாப்பில் தயாரிப்பாளர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் ஒதுக்கலாம். வாட்டுக்கு ஏற்ப பூஸ்ட் கிளாக் (சுமை ஏறும்போது எட்டும் என்று தயாரிப்பாளர் சொல்லும் வேகம்) 1470இலிருந்து 2370 மெகாஹெர்ட்ஸ் வரை மாறும். லேப்டாப் வாங்கப் போனால் “இதுல கிராபிக்ஸுக்கு எத்தனை வாட் குடுத்திருக்காங்க?” என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் அந்த மாடலின் முழு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பாருங்கள்.

நோட்டில் எட்டு வரி

முழுப் பெயர் கிடைத்ததும் ஒவ்வொரு கார்டுக்கும் இந்த எட்டையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஷேடர் எண்ணிக்கை, பூஸ்ட் கிளாக், மெமரி பஸ் அகலம், மெமரி வேகம், மெமரி அளவு, கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரி), பிசிஐஇ லேன் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தரவு போகும் வழி), வாட். தயாரிப்பாளர் பக்கத்தில் பாதி இருக்கும். மீதிக்கு டெக்பவர்அப் தளத்தின் ஜிபியு பட்டியல் போதும்.

ஷேடரை என்விடியா ‘குடா கோர்’ என்றும் ஏஎம்டி ‘ஸ்ட்ரீம் பிராசஸர்’ என்றும் சொல்லும். இன்டெல் ‘எக்ஸ்இ கோர்’ என்று எண்ணும். ஆர்க் பி580இல் 20 எக்ஸ்இ கோர், ஒன்றுக்கு 128 ஷேடர், மொத்தம் 2560. மூன்று கம்பெனிகளின் ஷேடரையும் நேருக்கு நேர் வைத்து “இதில் அதிகம்” என்று சொல்ல முடியாது. சாதாத் தறியும் ஆட்டோலூமும் ஒரே கணக்கில் வராது இல்லையா, அதுபோலத்தான்.

தறிக் கணக்கு: டெராஃப்ளாப்ஸ்

ஷேடர் எண்ணிக்கை × 2 × பூஸ்ட் கிளாக். கிளாக்கை கிகாஹெர்ட்ஸில் போட்டு, வந்ததை 1000ஆல் வகுத்தால் டெராஃப்ளாப்ஸ். நடுவில் அந்த 2 எதற்கு? ஒரு ஷேடர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்து முடிக்கும். அதை இரண்டு வேலையாக எண்ணுகிறார்கள்.

ஆர்டிஎக்ஸ் 3060: 3584 × 2 × 1.777 = 12,737. அதாவது 12.74 டெராஃப்ளாப்ஸ்.
ஆர்டிஎக்ஸ் 4060: 3072 × 2 × 2.46 = 15,114. அதாவது 15.11.

ஷேடர் குறைவான 4060 கிளாக்கின் பலத்தில் சுமார் 19 சதவீதம் முந்துகிறது. தறி குறைவு, ஓட்டம் வேகம்.

மேலே சொன்ன லேப்டாப் 4060க்கும் போட்டுப் பாருங்கள். 1470 மெகாஹெர்ட்ஸில் 9.03, 2370இல் 14.56. ஒரே பெயர், 60 சதவீத வித்தியாசம்.

பூஸ்ட் கிளாக் என்று அச்சடித்திருப்பது சட்டம் இல்லை. நல்ல கூலரும் காற்றோட்டமும் இருந்தால் 4060 விளையாட்டில் 2600 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடுவது சகஜம். சூடேறினால் அதுவே இறங்கும். ஏஎம்டி ‘கேம் கிளாக்’, ‘பூஸ்ட் கிளாக்’ என்று இரண்டு எண் தரும். ஆர்எக்ஸ் 7600க்கு அவை 2250, 2655. விளம்பரத்தில் வரும் டெராஃப்ளாப்ஸ் பெரிய எண்ணில் போட்டது. இரண்டு கார்டையும் ஒரே வகைக் கிளாக்கில் கணக்கிடுங்கள். ஒன்றுக்கு கேம் கிளாக், மற்றதற்கு பூஸ்ட் என்று கலந்தால் கணக்கே வீண்.

இந்த எண் எங்கே ஏமாற்றும்

ஆர்டிஎக்ஸ் 2080 டிஐக்கு 4352 × 2 × 1.545 = 13.45 டெராஃப்ளாப்ஸ். ஆர்டிஎக்ஸ் 3070க்கு 5888 × 2 × 1.725 = 20.31. காகிதத்தில் 3070 ஒன்றரை மடங்கு. விளையாட்டில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம்.

காரணம் எண்ணும் முறை மாறியதுதான். 2080 டிஐயின் டூரிங் வடிவமைப்பில் தசமக் கணக்குக்குத் தனி வரிசை, முழு எண் கணக்குக்குத் தனி வரிசை. தசம வரிசையை மட்டும்தான் குடா கோர் என்று எண்ணினார்கள். அடுத்து வந்த, 3070இன் ‘ஆம்பியர்’ வடிவமைப்பில் முழு எண் வரிசையையும் தசமக் கணக்குப் போடப் பழக்கி, இரண்டையும் சேர்த்து எண்ணினார்கள். எண்ணிக்கை ஒரே நாளில் இரட்டிப்பானது. ஆனால் முழு எண் வேலை வரும்போது அந்த வரிசை அதற்குத்தான் போக வேண்டும். விளையாட்டுகளில் 100 தசமக் கணக்குக்குச் சராசரியாக 36 முழு எண் கணக்கு வருவதாக டூரிங் காலத்தில் என்விடியாவே சொன்னது. ஆக, இரட்டிப்பில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துபோகும்.

ஏஎம்டியும் இதே வேலையைச் செய்தது. ஆர்எக்ஸ் 6650 எக்ஸ்டி: 2048 ஷேடர், 10.79 டெராஃப்ளாப்ஸ். ஆர்எக்ஸ் 7600: அதே 2048 ஷேடர், 21.75 டெராஃப்ளாப்ஸ். நமது வாய்பாட்டில் போட்டால் 7600க்கு 10.87தான் வரும். மீதி எப்படி வந்தது? ஒரு ஷேடர் ஒரே துடிப்பில் இரண்டு கட்டளைகளைச் சேர்த்து முடிக்க முடியும் என்று 2க்குப் பதில் 4ஆல் பெருக்கியிருக்கிறார்கள். நிரலில் அப்படிச் சோடி சேரும் கட்டளைகள் எப்போதும் கிடைப்பதில்லை. நிஜத்தில் இந்த இரண்டு கார்டுக்கும் இடைவெளி சில சதவீதம்தான்.

எனவே டெராஃப்ளாப்ஸை ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 4060க்கும் 4060 டிஐக்கும் ஒப்பிடலாம். என்விடியாவையும் ஏஎம்டியையும், அல்லது 20 வரிசையையும் 30 வரிசையையும் இந்த எண்ணால் எடைபோடுவது, டஜன் கணக்கையும் கிலோ கணக்கையும் கூட்டுவது மாதிரி.

நூல் வரத்து: பேண்ட்விட்த்

பஸ் அகலம் × மெமரி வேகம் ÷ 8. பஸ் பிட்டில், வேகம் ஜிகாபிட்டில். 8ஆல் வகுத்தால் நொடிக்கு இத்தனை ஜிகாபைட் என்று வரும்.

ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி: 192 × 15 ÷ 8 = 360.
ஆர்டிஎக்ஸ் 3060 8 ஜிபி: 128 × 15 ÷ 8 = 240.
ஆர்டிஎக்ஸ் 4060: 128 × 17 ÷ 8 = 272.
ஆர்டிஎக்ஸ் 5060: 128 × 28 ÷ 8 = 448.

பஸ்ஸை மட்டும் பார்த்து “128 பிட்டா, வேண்டாம்” என்று ஒதுக்குகிறவர்கள் கடைசி வரியைக் கவனிக்கவும். ஜிடிடிஆர்7 மெமரியின் வேகத்தில் அதே 128 பிட், பழைய 192 பிட்டைத் தாண்டிவிட்டது.

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் மெமரி கிளாக் 1875 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும்போது பயந்துவிட வேண்டாம். ஜிடிடிஆர்6க்கு அதை 8ஆல் பெருக்கினால் 15 ஜிகாபிட் வரும். ஜிடிடிஆர்7க்குப் பெருக்கல் 16. 1750 காட்டினால் 28 ஜிகாபிட்.

இப்போது ஒரு சிக்கல். 4060க்கு 272, 3060க்கு 360. அப்படியானால் 4060 தோற்க வேண்டும். ஆனால் 1080பி விளையாட்டில் 4060தான் முந்துகிறது. கேஷ் என்று எழுதச் சொன்ன வரியைப் பாருங்கள்: 3060இல் எல்2 கேஷ் 3 எம்பி, 4060இல் 24 எம்பி. தறிப் பக்கத்திலேயே பெரிய நூல் பெட்டி வைத்தால் ரூமுக்கு நடக்கும் நடை குறையும். ஏஎம்டியில் இதே வேலையை ‘இன்ஃபினிட்டி கேஷ்’ செய்கிறது; ஆர்எக்ஸ் 6600இல் 32 எம்பி.

கேஷுக்கும் எல்லை உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐக்கு 16.2 டெராஃப்ளாப்ஸ், பேண்ட்விட்த் 448, கேஷ் 4 எம்பி. 4060 டிஐக்கு 22.06 டெராஃப்ளாப்ஸ், பேண்ட்விட்த் 288, கேஷ் 32 எம்பி. டெராஃப்ளாப்ஸில் 36 சதவீதம் கூடுதலாக இருந்தும் 1080பியில் சுமார் 10 சதவீதம்தான் முந்தியது. 1440பி, 4கே என்று திரை பெரிதாகப் பெரிதாக, தேவையான தரவு கேஷில் அடங்காது. முன்னிலை இன்னும் சுருங்கும். பெரிய திரை வைத்திருப்பவர் பேண்ட்விட்த் வரிக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட வேண்டும்.

ஜிபி எப்போது முக்கியம்

நூல் ரூம் நிரம்பாதவரை அது பெரிதா சிறிதா என்பதால் தறி ஓட்டத்தில் வித்தியாசமே இல்லை. நிரம்பி வழிந்தால் எல்லாம் நிற்கும். 8 ஜிபி கார்டில் 9 ஜிபி கேட்கும் விளையாட்டை ஓட்டினால், வழிந்த தரவு மதர்போர்டின் ரேமில் போய் உட்காரும். கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 272 ஜிகாபைட் தரும்போது, பிசிஐஇ 4.0இல் 8 லேன் வழியாக வருவது 16க்கும் குறைவு. அதனால்தான் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) நன்றாக இருந்தும் திடீர் திடீரென்று படம் வெட்டி வெட்டிப் போகும், அல்லது சுவரின் மேல் படம் மங்கலாகவே நிற்கும்.

மெமரி அளவும் பஸ்ஸும் ஒன்றோடு ஒன்று கட்டியவை. ஒவ்வொரு சிப்புக்கும் 32 பிட் வழி. 128 பிட் என்றால் நான்கு சிப். ஒன்றுக்கு 2 ஜிபி வீதம் 8 ஜிபி. 192 பிட்டுக்கு ஆறு சிப், 12 ஜிபி. 4060 டிஐயின் 16 ஜிபி வகையில் போர்டின் இரண்டு பக்கமும் சிப் பதித்திருக்கிறார்கள். பஸ் மாறவில்லை, பேண்ட்விட்த் அதே 288தான். ரூம் இரட்டிப்பானது, வாசல் அதேதான்.

லேன்: பழைய மதர்போர்டு வைத்திருப்போர் கவனத்துக்கு

கார்டு ஸ்லாட்டில் முழு நீளத்துக்கு உட்கார்ந்தாலும் உள்ளே எத்தனை லேன் இணைத்திருக்கிறார்கள் என்பது வேறு. 3060இல் 16, 4060, 5060, ஆர்எக்ஸ் 6600, ஆர்க் பி580 எல்லாவற்றிலும் 8. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் வெறும் 4.

பி450 போர்டும் பத்தாம் தலைமுறை இன்டெல்லும் பிசிஐஇ 3.0தான் தரும். அங்கே ஒரு லேனுக்கு நொடிக்கு 1 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 8 லேன் கார்டுக்கு 7.9 கிடைக்கும், மெமரி வழியாதவரை பெரிய நஷ்டம் இல்லை. 6500 எக்ஸ்டிக்குக் கிடைப்பதோ 3.9. கார்டில் இருப்பதும் பெரும்பாலும் 4 ஜிபிதான், அடிக்கடி வழியும். பழைய போர்டில் இந்தக் கார்டைப் போடுவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மனம் வராது.

பி580 வாங்குகிறவர் பயாஸில் ‘ரீசைஸபிள் பார்’ (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அது இல்லாத போர்டில் அந்தக் கார்டின் வேகம் பலமாக அடிவாங்கும்.

வேலையைப் பொறுத்து வரிசை மாறும்

நோட்டு நிரம்பிவிட்டது. இனி உங்கள் வேலைக்கு எந்த வரி முட்டுக்கட்டை என்று பார்க்க வேண்டும்.

திருப்பூரில் டிசைன் போடுகிறவருக்கு, கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் மட்டும் என்றால், பெரிய கார்டு வீண் செலவு. அந்தக் காசை ரேமிலும் நல்ல மானிட்டரிலும் போடலாம்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவருக்கு டெராஃப்ளாப்ஸைவிட கார்டுக்குள் இருக்கும் வீடியோ டீகோடர், என்கோடர்தான் சோறு போடும். இன்றைய கேமராக்கள் பல, நிறத்தைக் கூடுதல் நுணுக்கமாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கின்றன. ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைகள் அந்த முறையை ஹார்டுவேரில் விரிக்காது. எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழுந்து டைம்லைன் திக்கும். 50 வரிசை விரிக்கும். இன்டெல்லின் ஆர்க் கார்டுகளும், அண்மைய இன்டெல் பிராசஸர்களின் உள் கிராபிக்ஸும் எச்இவிசி (எச்.265) வீடியோவில் இதை விரிக்கும். முன்னே திட்டிய 6500 எக்ஸ்டியில் எச்.264, எச்இவிசி என்கோடரே கிடையாது. இந்த விவரம் எந்த டெராஃப்ளாப்ஸ் பட்டியலிலும் தெரியாது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மொழி மாதிரி (சாட்ஜிபிடி போல எழுதும் ஏஐ) ஓட்டிப் பழகும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கணக்கு. இத்தகைய மாதிரி ஒவ்வொரு டோக்கனை (சொல்லை அல்லது சொல்லின் துண்டை) எழுதும்போதும் தன் எடைகள் (கற்று வைத்த எண்கள், அளபுரு என்றும் சொல்வார்கள்) முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை வாசிக்க வேண்டும். 4 பிட்டில் சுருக்கிய 800 கோடி அளபுரு மாதிரியின் கோப்பு சுமார் 5 ஜிபி. பேண்ட்விட்தை அதனால் வகுத்தால் நொடிக்கு எத்தனை டோக்கன் என்ற மேல் எல்லை கிடைக்கும். 4060: 272 ÷ 5 = 54. 3060 12 ஜிபி: 360 ÷ 5 = 72. விளையாட்டில் தோற்ற பழைய 3060 இங்கே ஜெயிக்கிறது. 12 ஜிபி இருப்பதால் இன்னும் பெரிய மாதிரியும் உள்ளே அடங்கும். நிஜத்தில் இந்த எல்லைக்குக் கீழேதான் வரும், ஆனால் எது முந்தும் என்பதைக் கணக்கு சரியாகவே சொல்லிவிடும்.

‘ஏஐ டாப்ஸ்’ (ஏஐ வேலையில் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு) என்று பெட்டியில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 4060க்கு 242, 5060க்கு 614 என்று போட்டிருக்கிறார்கள். முதல் எண் 8 பிட் கணக்கில் எடுத்தது, இரண்டாவது 4 பிட்டில். இரண்டுமே, எடைகளில் பாதி பூச்சியமாக இருந்தால் கிடைக்கும் சலுகையைச் சேர்த்துக் காட்டியவை. ஒருவர் நடையைக் கெஜத்திலும் இன்னொருவர் நடையைச் சாணிலும் அளந்து, எண்ணிக்கையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எப்படி இருக்கும்?

விளையாட்டுக்கு மட்டும் என்றால், டெராஃப்ளாப்ஸ், பேண்ட்விட்த், ஜிபி மூன்றையும் பார்த்து இரண்டு மூன்று கார்டாகச் சுருக்கிவிட்டு, நிஜமாக ஓட்டி எடுத்த சோதனைகளுக்குப் போங்கள். சோதனையில் மூன்றைப் பார்க்கவும். உங்கள் திரையின் ரெசொல்யூஷன்தானா? சராசரியோடு ‘1% லோ’ எண்ணும் (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) இருக்கிறதா? சிறு படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், இடையில் ஃபிரேமைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டையும் அணைத்து எடுத்ததா? சராசரி 90, 1% லோ 35 என்று இருந்தால் அது சராசரி 75, 1% லோ 60 தரும் கார்டைவிடக் கையில் மோசமாக இருக்கும். பிறகு கார்டு விலையைச் சராசரி எஃப்பிஎஸ்ஸால் வகுத்து, ஒரு ஃபிரேமுக்கு எத்தனை ரூபாய் என்று எழுதுங்கள். விலை கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிடவும். பில் இல்லாத மலிவு விலை, வாரண்டி வேண்டிய நாளில் மலிவாக இருக்காது.

பிக்ஸல் ஃபில்ரேட், டெக்ஸ்சர் ஃபில்ரேட் என்று இரண்டு எண்கள் வரும். ஆர்ஓபி (முடிந்த பிக்ஸலை எழுதும் அலகு) × கிளாக், டிஎம்யு (டெக்ஸ்சர் ஒட்டும் அலகு) × கிளாக், அவ்வளவுதான். புதிதாகப் பழகுகிறவர் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

கரண்ட் கணக்கு

ஸ்லாட் வழியே 75 வாட், 6 பின் கேபிளில் 75, 8 பின் கேபிளில் 150. 75 வாட்டுக்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 1650 மாதிரிக் கார்டுகள் பலவற்றுக்குத் தனிக் கேபிளே வேண்டாம். அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரில்கூடப் போடலாம். 5060க்கு 145 வாட். அதோடு பிராசஸருக்கு 65 முதல் 120, மற்றதெல்லாம் 50 என்று கூட்டி, வந்ததில் பாதியை மேலே சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி) அளவு கிடைக்கும். அது 450 வாட் பக்கம் வரும். 550 எடுத்தால் நிம்மதி. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். கார்டும் பிராசஸரும் உறிஞ்சுவது அதிலிருந்துதான். மோலெக்ஸிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வயர் உருகிப் போவது இந்த வகை எஸ்எம்பிஎஸ்ஸில்தான்.

வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். விளையாட்டு நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் ‘பீப்’ என்று ஒரு சத்தத்தோடு சேர்ந்தே அணைந்துவிட்டால் கார்டில் கோளாறு இல்லை, யுபிஎஸ்ஸுக்குச் சுமை மிஞ்சிவிட்டது. சதுர அலை யுபிஎஸ்ஸும் ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸும் ஒத்துப்போகாமல் அணைவதும் உண்டு. அதற்கு சைன் அலை யுபிஎஸ்தான் வழி.

கார்டு கைக்கு வந்ததும்

பெட்டியைப் பிரித்து மாட்டி, டிரைவர் போட்டதும் முதல் வேலை ஜிபியு-இசட். நோட்டில் எழுதியதை அதோடு ஒப்பிடுங்கள். ஷேடர், பஸ் அகலம், மெமரி வகை, பேண்ட்விட்த் எல்லாம் ஒத்துவர வேண்டும். பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற மோசடி இந்தத் திரையில்தான் பிடிபடும். பெயருக்கு முன்னால் போலி என்றே அது எச்சரிக்கும்.

புதுக் கார்டுக்கும் இதைச் செய்யுங்கள். 2025 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 5090 சிலவற்றில் 176 ஆர்ஓபிக்குப் பதில் 168 மட்டும் இருப்பதை வாங்கியவர்கள் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பாதிப்பு 0.5 சதவீதக் கார்டுகளுக்கும் குறைவு, வேக இழப்பு சராசரியாக 4 சதவீதம் என்று ஒப்புக்கொண்டு என்விடியா மாற்றித் தரச் சொன்னது. தாண்டிப் போகலாம் என்று சற்று முன் சொன்ன ஆர்ஓபி இங்கே உதவுகிறது.

‘பஸ் இன்டர்ஃபேஸ்’ வரியில் சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும். அது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் நிலை. பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓட்டினால் உண்மையான வேகம் தெரியும். 16 லேன் கார்டு அப்போதும் 4 அல்லது 8 என்று காட்டினால், கழற்றி, தங்கமுலாம் பூசிய முனையைச் சுத்தமான அழிரப்பரால் துடைத்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டவும். இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டியிருந்தாலும் இப்படித்தான் வரும்.

அடுத்தது ‘சென்ஸார்ஸ்’ பக்கம். விளையாட்டை அரைமணி நேரம் ஓட்டி, என்விடியா கார்டானால் ‘பெர்ஃப்கேப் ரீசன்’ வரியைப் பாருங்கள். வேகத்தை எது கட்டிப் பிடிக்கிறது என்று அது சொல்லும். பவர் எல்லை என்றோ வோல்டேஜ் எல்லை என்றோ வந்தால் இயல்பு. தெர்மல் என்று வந்தால் சூட்டினால் கிளாக் இறங்குகிறது. நீங்கள் போட்ட டெராஃப்ளாப்ஸும் அதோடு இறங்குகிறது. சராசரி வெப்பத்துக்கும் ‘ஹாட் ஸ்பாட்’டுக்கும் 25 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். செகண்ட் ஹேண்ட் கார்டில், அதுவும் 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) நின்ற பிறகு சந்தைக்கு வந்தவற்றில், இதை விற்பவர் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

வெயிலும் பஞ்சும் நம் பக்கத்துப் பிரச்சினை. கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி என்றால், மார்கழியில் 68இல் ஓடிய கார்டு 80ஐத் தாண்டும். பல்லடம், திருப்பூர்ப் பக்கம் தறிக்குடோனுக்கோ பனியன் கம்பெனிக்கோ அருகில் இருக்கும் வீட்டில், ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் பஞ்சு போர்வை மாதிரி படியும். ஃபேன் முழு வேகத்தில் கத்தும், காற்று மட்டும் வெளியே வராது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார்டைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு சிறு ப்ளோயரால் ஃபேனுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதவும். பிடிக்காமல் ஊதினால் இறக்கை அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் போகும். பக்கத்துக் கம்பெனியில் கம்ப்ரஸர் இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அந்தக் குழாயில் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும்.